கொசுவலைக் கம்பெனியின் முதலாளி

ஜனவரி 2, வியாழன்

நூல் மில்காரர் புது வருசத்துக்கு எனக்கென்று தனியாக ஒரு டைரி அனுப்பியிருக்கிறார். கரூரில் வேறு எந்தக் கொசுவலைக் கம்பெனி முதலாளிக்கும் இந்த மரியாதை கிடையாது. "எல்லாத்துக்குந்தான் மாமா அனுப்பியிருக்காங்க. எதுத்த கம்பெனியில நாலு கெடக்குது" என்றாள் இந்து. அவை வேறு டைரிகளாக இருக்கும்.

பெரிய மனிதர்கள் எல்லாரும் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நானும் எழுதுகிறேன். பெயர் சென்னியப்பன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது நானாக எடுத்த முடிவு. அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாததும் அப்படித்தான். பெண் கொடுக்க வந்தவர்கள் வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. ஒருவருக்குச் சரி சொன்னால் மற்றவர்கள் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் நாற்பது மெஷின். தங்கை சரசுவைக் கேட்டால் பதினெட்டு என்பாள். ரிப்பேரில் இருப்பதையும் இனிமேல் வாங்கப்போவதையும் அவள் சேர்த்துக்கொள்வதில்லை.

சரசுவின் வீட்டுக்காரர் தவறிய பிறகு அவளும் மகள் இந்துமதியும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். இந்து சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருசம் ஆகிறது. பொழுது போகவில்லை என்று கம்பெனிக்கு வந்து உட்காருவாள். அவள் வந்த சமயம் இரண்டு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவற்றுக்கு நான் ஓய்வு கொடுத்திருந்தேன். இப்போது எல்லாமே ஓடுகிறது. ஓய்வு கொடுத்தால் மெஷின் நன்றாக ஓடும் என்பது என் கண்டுபிடிப்பு.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இந்து என் அறைக்கு வருவாள். கையில் சாம்பிள் வலை இருக்கும். "மாமா, இந்த ஆர்டரை எடுக்கலாமாங்க?" என்பாள். நான் வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பேன். "எடு" என்பேன். கம்பெனி நடத்துவது என்றால் அதுதான்.

ஜனவரி 8, புதன்

இந்து எதையோ மறைக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெலிவரி வேனுக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனில் பேசுகிறாள். ஆண் குரல். டயரில் காற்றுப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்று கேட்டேன். முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேன் கண்ணாடி தடிமன் என்பதுதான் சிக்கல். "உன் வீக்னஸ் என்ன" என்று அவன் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. ஒரு வயசுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் ஏதோ பதில் சொன்னாள். நடுவில் "அங்கிள்" என்று ஒரு வார்த்தை வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். என் புகழ் அங்கேயும் போயிருக்கிறது.

தையல் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ராசாத்தி பின்னால் வந்து நின்றாள். "ஏனுங்க மொதலாளி, சாப்பாட்டு நேரம் பூரா ஒரே டயரையே பாக்கறீங்க, மத்த மூணும் கோவிச்சுக்காதுங்களா?"

இவளும் உடந்தையாக இருக்கலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் "கோயமுத்தூர்ல ஒரு வேலை" என்று கிளம்பினாள். எனக்குத் தெரியாதா? அதே பஸ்ஸில் பின்சீட்டில் ஏறி, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துப்பறியும் இலாகாவில் என்னைப் போன்ற ஆள் இல்லாதது அவர்களுக்கு நட்டம். காங்கேயம் தாண்டியபோது கண்டக்டர் வந்து, "முன்னாடி அந்தப் பொண்ணு உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருச்சுங்க" என்றான். யாரோ என்று என்னைத் தவறாக நினைத்துவிட்டாள் போல.

ஒரு பெரிய கட்டடத்துக்குள் போனாள். வாசலில் அவள் வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். உள்ளங்கையை ஒரு பெட்டி மேல் வைக்கச் சொன்னார்கள். ஜோசியத்துக்கு மெஷின் வைத்திருக்கிறார்களா, அல்லது ரெஜிஸ்டர் ஆபீஸா? ரெஜிஸ்டர் கல்யாணம் என்றால் பையன் எங்கே? வெயிலில் புங்கமரத்தடியில் நின்று காவல் காத்தேன். வெளியே வந்தவள் நேராக மரத்தடிக்கே வந்து, "வாங்க மாமா, எளநி குடிப்பீங்களாமா" என்றாள்.

முகம் வாடியிருந்தது. ஆனாலும் சிரித்தாள். பையன் வரவில்லை என்று முடிவு செய்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

விசயம் வெளியே வந்துவிட்டது. பையன் இல்லை. படிப்பு. வடக்கே எங்கேயோ பெரிய பிசினஸ் ஸ்கூலாம், இரண்டு வருசம் எம்.பி.ஏ. வேனுக்குள் பேசியவன் அங்கே படித்து முடித்தவனாம். இண்டர்வியூவுக்குத் தயார் செய்துவிடுகிறானாம். கோயமுத்தூரில் நடந்தது நுழைவுத் தேர்வாம்.

"பிசினஸை பள்ளிக்கொடத்துல சொல்லித் தர்றாங்களாக்கும்? யாரு, செஞ்சு பாத்து முடியாம போனவங்களா?" என்றேன்.

"அப்படியும் ரெண்டு பேர் இருப்பாங்க மாமா" என்றாள்.

அப்ளிகேசனில் கட்டுரை எழுத வேண்டுமாம். நீங்களாக எடுத்த ஒரு பெரிய முடிவைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு வரி அடிப்பாள், அழிப்பாள். குழந்தைகளுக்குக் குடை மாதிரி விரிகிற சின்ன வலை போட்டோமே, அதை எழுதலாமா என்று சரசு கேட்டாள். அந்த வலைதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அது என் யோசனை என்று இருவருக்கும் ஞாபகப்படுத்தினேன். ஒரு குழந்தை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது.

சரசு கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தக் கொழந்தைங்ணா?"

இந்து, "விடும்மா" என்றாள். திரும்பவும் அழித்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கம்பெனி என் பெயரில் இருப்பதால் காலேஜிலிருந்து என்னிடம் ஒரு நாள் கேட்பார்களாம். "இந்த மூணு வருசம் நான் இங்க என்ன வேலை பாத்தேன்னு கேப்பாங்க மாமா. உள்ளதச் சொன்னாப் போதுங்க."

இங்கிலீஷ்காரர்கள் கேட்டால் இங்கிலீஷில்தானே சொல்ல வேண்டும்? ஜவஹர் பஜாரில் ஒரு டை வாங்கினேன்.

மார்ச் 12, புதன்

கம்ப்யூட்டரில் இண்டர்வியூ. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்கு ஒரு முதலாளி இருப்பது அவர்களுக்கும் தெரியட்டும் என்று டையைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். பிறகு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நடந்தேன். முடிந்த பிறகு இந்து வெளியே வந்து நெடுநேரம் தண்ணீர் குடித்தாள்.

"மாமா, அவங்க கேட்டாங்க, பின்னாடி போறது யாருன்னு."

"என்னன்னு சொன்ன?"

"எங்க மொதலாளின்னு சொன்னேன்."

ஏப்ரல் 3, வியாழன்

இடம் கிடைத்துவிட்டது. சரசு கேசரி கிண்டினாள். கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்தோம். ராசாத்தி அழுதாள், அவள் எதற்கு அழ வேண்டும் என்று விளங்கவில்லை. இனி அவர்கள் தரப்பில் ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி. ஜூனில் போகிறாள்.

போகட்டும். எனக்கென்ன? கூலி போடுகிற கம்ப்யூட்டருக்கு ஏதோ பாஸ்வேர்டு இருக்கிறதாம், அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நூல் எங்கேயிருந்து வருகிறது, வலை வாங்குகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரிடம் பேசுகிறார்கள், இதையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும்.

சாயங்காலம் தரகரைப் பார்த்து இந்துவின் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். கரூரிலேயே ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்றேன். கரூரிலேயே என்பதை இரண்டு தடவை சொன்னேன். சரசு தனியாக இருப்பாளே என்பதற்காக.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்ள வேண்டிய நாள்.

மணியன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பைக்கில் ஒரு பையன் வந்தான். நல்ல சட்டை, தோளில் பை. எதிரே நம் கம்பெனி போர்டைப் போனில் போட்டோ எடுத்தான். பிறகு மணியனிடம் மெதுவாக, "இந்தக் கம்பெனி வீட்டுப் பொண்ணு, இந்துமதின்னு... எத்தன வருசமா இங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் தெருமுனை டீக்கடையில் யாராவது ஒருவரை விட்டு விசாரிப்பார்கள். எதற்கு என்று வருகிறவரும் சொல்லமாட்டார், சொல்கிறவரும் கேட்கமாட்டார். தரகர் வேகமாகத்தான் இருக்கிறார்.

"தம்பி, இங்க வாங்க. நான் அவளோட தாய்மாமன்" என்றேன்.

"சார், ரொம்ப நல்லதாப் போச்சு. நான் வந்து..."

கையை உயர்த்தி நிறுத்தினேன். "சொல்ல வேண்டாம். நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். முறை எனக்குத் தெரியும். கேளுங்க."

அவன் கொஞ்சம் முழித்தான். பிறகு ஒரு பெரிய போனை எடுத்து வைத்துக்கொண்டான். "அவங்க இந்தக் கம்பெனியில என்னங்க வேலை பாக்கறாங்க?"

பெண்ணின் சம்பாத்தியத்தில் கண் வைக்கிறார்களா என்று ஆழம் பார்க்கிற கேள்வி இது. நானா மாட்டுவேன்? "வேலையா! எங்கூட்டுப் பொண்ணுக வேல பாத்துத்தான் சாப்புடோணுமா? பொழுது போகலீன்னா வந்து ஒக்காருவா. அவ்வளவுதான்."

"முடிவெல்லாம் யாரு எடுப்பாங்க?"

"எல்லாம் நானு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. குனிஞ்ச தல நிமிர மாட்டா."

"சம்பளம்?"

"மாமனூட்டுல எங்கயாச்சும் சம்பளம் வாங்குவாங்களா?"

கூடவே அவள் கறிக்குழம்பு வைத்தால் நாலு தெருவுக்கு வாசம் போகும் என்றும் சொன்னேன். (இந்துவுக்கு வெந்நீர்தான் வைக்கத் தெரியும்.) அவன் அதை எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் போனில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் கையெழுத்து வேறு வாங்குகிறார்கள். நாகரிகமான குடும்பம். பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

இந்துவிடம் இப்போதைக்குச் சொல்லவில்லை. நல்ல செய்தி தானாக வரட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மோசம் நடந்திருக்கிறது. காலேஜ்காரர்கள் இந்துவின் இடத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவள் கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதியது உண்மையில்லை என்று விசாரணையில் தெரிய வந்ததாம். பொய் எழுதியதாக முடிவானால் இந்தக் காலேஜ் மட்டுமல்ல, வேறு எங்கேயும் கஷ்டமாம்.

கட்டி அடுக்கிய வலைப் பொதிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சரசு, "எந்தப் பாவி சொன்னான்னு தெரியலீங்களே அண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரோ தப்பாப் புரிஞ்சு சொல்லிட்டாங்க. விடும்மா" என்றாள் இந்து. என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. இது எதிர்க் கம்பெனிக்காரன் வேலை. நம் குழந்தை வலையைப் பார்த்து அவனும் போட்டு, விற்காமல் கிடக்கிறது. அந்த வயிற்றெரிச்சல். அல்லது தரகர். அல்லது போன மாதம் நின்றுபோன டிரைவர். மூன்று பேர் மேலும் கண் வைத்துவிட்டேன். நாளைக்குள் ஆளைப் பிடித்துத் தெருவில் நிறுத்தாவிட்டால் என் பெயர் சென்னியப்பன் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

விசாரணையை மணியன் டீக்கடையில் தொடங்கினேன். காலேஜ் ஆள் வந்தால் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"மணியா, நம்ம இந்துவப் பத்தி எவனாச்சும் வந்து விசாரிச்சானா? எவன் என்ன சொன்னான்? மறைக்காமச் சொல்லு."

மணியன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஆற்றுவதை நிறுத்தினான்.

"ஏனுங்க, பைக்குல வந்தானே ஒரு பையன். நீங்கதான அந்த பெஞ்சுல ஒக்காந்து அவங்கிட்ட கறிக்கொழம்பு வரைக்கும் பேசுனீங்க? போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுப் போனானுங்களே, காலேஜ் வெரிபிகேசன்னு."

மணியன் கடையில் டீ முன் மாதிரி இல்லை. சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 24, வியாழன்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

விளக்கு வைக்கிற நேரத்தில் இந்து வந்தாள். கையில் சாம்பிள் இல்லை. நான் பேப்பரைத் தூக்கிப் படித்தேன்.

"மாமா. பேப்பர் தலகீழா இருக்குதுங்க."

திருப்பினேன்.

"மேல எழுதிப் போட்டிருந்தேன். இன்னொருக்கா வந்து பாக்கறோம்னு சொல்லிட்டாங்க. புதன்கிழமை வருவாங்க. உங்ககிட்டத்தான் கேப்பாங்க."

"எதுத்த கம்பெனிக்காரன்..." என்று தொடங்கினேன்.

"மாமா, கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு. அவ்ளோ பெருசா உங்களவிட்டா யாரு போடுவாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்லல. என்ன பேசோணும்னு சொல்லித் தரவும் மாட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

போய்விட்டாள். வாசலில் நின்று ஃபேனை ஒரு வேகம் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வியர்த்திருந்ததாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நாளைக்கு அந்தப் பையனிடம், போன தடவை சொன்னதையே சொன்னாலும் குற்றமில்லை. கம்பெனி என் பெயரில்தான் இருக்கிறது. அப்படிச் சொன்னால் இந்து எங்கேயும் போகமாட்டாள். மெஷின் எல்லாம் ஓடும். சாயங்காலம் சாம்பிள் வரும். இதை ஒரு கணக்குக்காக எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

உள்ளதைச் சொன்னால் தையல் பிரிவு முழுக்க, எதிர்க் கம்பெனி முழுக்க, மணியன் கடை முழுக்கக் கேட்கும். நாளை மறுநாள் இந்தத் தெருவில் நான் எந்தப் பக்கமாக நடப்பது?

முதுகு வலிக்கிறது. அறையில் இருக்கிற சுழல் நாற்காலி எனக்கு ஒத்துவரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

அதே பையன் வந்தான். சுழல் நாற்காலியில் இந்துவை உட்காரச் சொன்னேன். நாற்காலி ஒத்துவராததால்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டை கட்டவில்லை, வெயில்.

"சார், இந்துமதி இங்க என்ன பண்றாங்க?"

"எல்லாம்."

"புரியலீங்க."

"நூலு வாங்கறது அவ. ஆர்டர் புடிக்கறது அவ. பொம்பளைக வந்து போக வேன் விட்டது அவ. கூலி போடறது அவ. அவ வந்தப்ப ரெண்டு மெஷின் ஓடுச்சு. இப்பப் பதினெட்டும் ஓடுது."

பையன் போனைத் தடவிப் பார்த்தான். "போன தடவ எல்லாம் நீங்கதான்னு சொன்னீங்களே. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு..."

"சொன்னேன். அப்ப நீங்க மாப்பிள்ள வீடுன்னு நெனச்சேன்."

"மாப்பிள்ளையா?" பையன் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் ராசாத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். தையல் மெஷின்கள் ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாரும் கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

"சரிங்க சார். அப்ப நீங்க இங்க என்ன பண்றீங்க?"

இந்து, "அது வேண்டாங்க, அதையெல்லாம் எதுக்கு..." என்று எழுந்தாள்.

"நீ உக்காரு கண்ணு" என்றேன். "சாயங்காலமானா அவ வந்து, இந்த ஆர்டர எடுக்கலாமான்னு கேப்பா. நான் எடுன்னு சொல்லுவேன்."

"வேண்டாம்னு எப்பவாச்சும் சொன்னதுண்டுங்களா?"

"ஒருக்கா. கொழந்தைகளுக்குக் கொட மாதிரி ஒரு வல. எவன் வாங்குவான்னு சொன்னேன். அவ எடுத்துட்டா." மேலே அலமாரியில் இருந்த அந்த வலையைக் காட்டினேன். "அதுலதான் கம்பெனி நிக்குது."

இந்தப் பதில்களை எல்லாம் நான் மிகவும் கம்பீரமாகச் சொன்னேன். குரல் ஓர் இடத்தில் கம்மியது சளியினால்.

கையெழுத்துக் கேட்டான். போட்டேன். "போன தடவ பெருசா போட்டிருந்தீங்களே சார்" என்றான்.

"எடம் பத்தல" என்றேன்.

மே 9, வெள்ளி

இடம் உறுதி என்று வந்துவிட்டது. சரசுவுக்கு அந்தப் பையன் வந்துபோன அன்றைக்கே ராசாத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சரசு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டில் கேசரியை இரண்டாவது தடவையும் வைத்தாள்.

மணியன் கடைக்குப் போனேன். "வாங்க மாப்பிள்ள வீட்டுக்காரரே" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தத் தெருவில் இத்தனை பேரைச் சிரிக்க வைக்க வேறு யாரால் முடியும்?

தரகரிடம் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

நாளைக்குக் கிளம்புகிறாள். சாயங்காலம் கடைசியாகச் சாம்பிளோடு வந்தாள். ஏதோ மலைப்பக்கத்து ரிசார்ட்டுக்காரர்கள் ஆர்டர், பச்சை நிறம்.

"மாமா, இத எடுக்கலாமாங்க?"

இழுத்துப் பார்த்தேன். "நீ என்ன சொல்ற?" என்றேன்.

அவளும் வலையின் மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"எடுக்கலாங்க மாமா" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

ராசாத்தியின் நடவடிக்கை சரியில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைப் பார்த்துப் பேசுகிறாள். நோட்டில் எழுதிக்கொள்கிறாள். டயரில் காற்றுப் பார்க்கப் போனேன். பெண் குரல். கண்ணாடி தடிமன்தான், ஆனாலும் எனக்குத் தெரியாத குரலா அது? நூல் விலை, ஆஸ்பத்திரி ஆர்டர், எந்த மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும், எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் குரல் தணிந்து வேறு ஏதோ சொன்னது. ராசாத்தி, "சரி கண்ணு, மறக்காமச் செய்யறேன்" என்றாள்.

எனக்குத் தெரியாமல் என்ன சதி இது என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவு தட்டுகிற சத்தம். ராசாத்தி வந்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கையில் ஒரு சாம்பிள் வலை.

"மொதலாளி, இந்த ஆர்டர எடுக்கலாமுங்களா?"

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வலையை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். முடிச்சு பலமாகத்தான் இருந்தது.

"எடு" என்றேன்.